தள்ளுபடியும் ஒரு ராகு காலமும்

நான் நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் சின்னது. நான் சுலபத்தில் யாருக்கும் நன்றி சொல்கிற ஆள் இல்லை என்பதுதான் காரணம். அதில் என் மனைவி இருக்கிறாள். பெயர்கூட நினைவில் நிற்காத சைதாப்பேட்டைப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நான் துளியும் நம்பாத ராகுவும் இருக்கிறார். மூவரும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தி. நகரில் என்னைக் காப்பாற்றினார்கள். யாரிடமிருந்து என்றால், என்னிடமிருந்துதான்.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். தள்ளுபடி என்று எழுதிய பலகையைப் பார்த்தால் என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். கிண்டியில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் கொள்முதல் பிரிவில் இருந்தேன். போல்ட், நட்டு, வாஷர், ரப்பர் வளையம், எதுவானாலும் சொன்ன விலையைக் குறைத்து வாங்குவதுதான் என் வேலை. "அந்த மனுஷன்கிட்டப் போனா சட்டையையும் உருவிக்கிட்டுத்தான் அனுப்புவாரு" என்று சப்ளையர்கள் பேசிக்கொள்வது என் காதில் விழும். விழ வேண்டும் என்றுதான் பேசுவார்கள். அதைப் புகழ்ச்சி என்று நினைத்து வீட்டில் வந்து சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு குறைத்து வாங்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. காய்கறிக்காரரிடம் கறிவேப்பிலை கொசுறு கேட்பதோடு என் சாமர்த்தியம் நின்றது. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெருவுக்கு வரும் வண்டிக்காரர் எங்கள் வீடு நெருங்கியதும் கூவுவதை நிறுத்திவிடுகிறார் என்று என் மனைவி சொல்வாள். அப்படியெல்லாம் இல்லை. கொஞ்சம் மெதுவாகக் கூவுவார், அவ்வளவுதான்.

என் மனைவி மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள். இருபத்தேழு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றதில் குதிகால் இரண்டும் பழுதாகிவிட்டன. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அந்தக் கல்வியாண்டு முடியும் ஏப்ரலோடு வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். 'செய்திருந்தோம்' என்று எழுதுகிறேனே தவிர, முடிவு செய்தது அவள். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் "சரி" என்றேன். ஓய்வு பெற்றபோது எனக்கு வந்த பணத்தை வங்கியில் போட்டிருந்தோம். அதன் வட்டி வந்தால் அவள் சம்பளம் இல்லாமல் சமாளிக்கலாம் என்பது அவள் போட்ட கணக்கு. ராஜினாமா கடிதத்தையும் எழுதி, தேதி மட்டும் போடாமல், கைப்பையில் வைத்திருந்தாள்.

தீபாவளிக்குத் துணி எடுக்க தி. நகர் போனோம். கடை வாசலில் குலுக்கல் பெட்டி வைத்திருந்தார்கள். பெயரும் போன் நம்பரும் எழுதிப் போட்டால் பரிசு. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு சீட்டு என்று எங்களுக்கு நாலு சீட்டு கிடைத்தது. எழுத மேஜை இல்லை. கூட்டத்துக்கு நடுவில் நாலையும் என் மனைவியின் முதுகில் வைத்து எழுதினேன். "யாருக்கு விழுந்தது இதெல்லாம்?" என்று அவள் குனிந்தபடியே கேட்டாள். "போட்டாத்தானே விழும்" என்றேன்.

ஒரு மாதம் கழித்து நிஜமாகவே விழுந்தது. போனில் ஒரு குரல் எனக்கு வாழ்த்துச் சொன்னது. ஐந்து லிட்டர் குக்கர் பரிசாம். சனிக்கிழமை மூன்று மணிக்குத் தி. நகரில் ஒரு ஓட்டல் ஹாலுக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். சுற்றுலா பற்றி ஒரு சின்ன விளக்கம் தருவார்கள், கேட்டுவிட்டு வந்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: "ஜோடியா வரணும் சார். மேடம் வராம குக்கர் தர மாட்டாங்க." சமையல் பாத்திரமாயிற்றே, பெண்கள் பார்த்து வாங்கட்டும் என்கிற நல்லெண்ணம் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்திரண்டு வருஷம் கொள்முதல் பார்த்தவன் நினைத்தது இது.

சனிக்கிழமைகளில் அவளுக்கு அரை நாள் பள்ளி. அங்கிருந்து பஸ் பிடித்து நேராக வந்தாள். ஓட்டல் வாசலில் பார்த்தபோது புடவை முந்தானையில் சாக்பீஸ் தூள் இருந்தது. "குக்கரை வாங்கிட்டு உடனே கிளம்பிடலாம், குதிகால் தெறிக்குது" என்றாள். நானும் தலையாட்டினேன்.

ஹாலில் இருபது வட்ட மேஜைகள். ஒவ்வொன்றிலும் எங்களைப் போல ஒரு ஜோடி, எதிரே கோட்டுப் போட்ட ஒரு பையனோ பெண்ணோ. எங்கள் மேஜைக்கு வந்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கோட்டு அவளுக்கு ஒரு அளவு பெரியது. மனப்பாடம் செய்த தமிழும் ஆங்கிலமுமாகப் பேசினாள். விஷயம் இதுதான்: மலையிலும் கடற்கரையிலும் இவர்களுக்கு விடுதிகள் இருக்கின்றன. இன்று மொத்தமாக ஒரு தொகை கட்டிவிட்டால், வருஷத்துக்கு ஒரு வாரம் வீதம் இருபத்தைந்து வருஷத்துக்கு அங்கே தங்கலாம். திரையில் மூடுபனியும் தேயிலைத் தோட்டமும் வந்தன. ஒரு கணவனும் மனைவியும் பால்கனியில் காபி குடித்தார்கள். அவர்களுக்குக் குதிகால் வலி இருப்பதாகத் தெரியவில்லை. நடுநடுவே ஏதாவது ஒரு மேஜையில் யாராவது கையெழுத்துப் போட்டார்கள். உடனே ஒரு பித்தளை மணியை அடித்தார்கள், கோட்டுப் போட்டவர்கள் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள்.

விலையைச் சொன்னாள். ஒரு சின்ன கார் வாங்கலாம். எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் அந்தப் பெண் பேனாவை எடுத்து அந்த விலையின் மேல் ஒரு கோடு இழுத்தாள். கீழே வேறொரு விலை எழுதினாள். "இது இன்னிக்கு மட்டும் சார்."

அந்தக் கோடு போதும் எனக்கு. நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "இன்னும் குறையணும்" என்றேன். மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் கொல்கத்தாவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். தமிழ் தெரியாது, சிரிக்கத் தெரியும். ஓய்வு பெற்றவர் என்பதற்காக ஒரு தள்ளுபடி கொடுத்தார். இரண்டாவது கோடு. நான் விடவில்லை. முதல் வருஷப் பராமரிப்புக் கட்டணம் இலவசம் என்றார். அப்போதும் விடவில்லை. ஒரு வாரம் கூடுதலாக, சக்கரம் வைத்த பெட்டி ஒன்று, அரை கிராம் தங்கக் காசு. மூன்றாவது கோடு. அந்தத் தாளில் அடித்தல் திருத்தலாகக் கிடந்த விலைகளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கிண்டி மேஜைக்கே திரும்பிப் போய்விட்ட மாதிரி இருந்தது. ஓய்வு பெற்ற மூன்று வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. வெட்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் மனைவி வாயே திறக்கவில்லை. அவள் அப்படித்தான். வெளியாட்கள் முன்னால் என்னை மறுத்துப் பேசியதே கிடையாது. அது மரியாதை என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். "என்னம்மா, சரிதானே?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் காசோலைப் புத்தகத்தை எடுத்தேன். முன்ஜாக்கிரதையாகக் கொண்டுபோயிருந்தேன். பேனா மூடியைத் திறந்தபோது அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இப்ப வேண்டாங்க. ராகு காலம். மணி நாலு முப்பத்தஞ்சு. ஆறு மணிக்கு மேல போடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்று புரிய வேண்டுமானால் எங்கள் கல்யாணக் கதையைச் சொல்ல வேண்டும்.

வாலிபத்தில் எனக்குப் பகுத்தறிவு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. கல்யாணம் என்றால் ராகு காலத்தில்தான் என்று அடம் பிடித்தேன். சைதாப்பேட்டையில் ஒரு சின்ன மண்டபம், ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரையிலிருந்து ஆறுக்குள். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. நண்பர்கள் ஆளுக்குப் பத்து நிமிஷம் மைக்கில் பேசினார்கள். மாமியார் ஒரு மூலையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். நான் மாலையோடு நின்று, நாலரை மணிக்கு ராகு காலம் தொடங்குகிறது என்று மைக்கில் அறிவித்துவிட்டுத்தான் தாலியை எடுத்தேன். எப்பேர்ப்பட்ட வீரம்! மணப்பெண்ணுக்கு அந்த நேரம் சம்மதமா என்று மட்டும் நான் கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்படிக் கல்யாணம் செய்துகொண்டு, முப்பது வருஷம் ராகுவையும் கேதுவையும் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவள், கோட்டுப் போட்டவர்கள் முன்னால், அதே நாலரை டூ ஆறைச் சொல்கிறாள். கோபம் வந்தது. அதைவிடக் கூச்சம் அதிகமாக வந்தது.

"என்ன பேசற நீ? நமக்கு ஏது ராகு காலம்?" என்றேன்.

"உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கட்டும். பெரிய தொகை. ஒன்றரை மணி நேரந்தானே, உட்கார்ந்திருக்கலாம்."

மேனேஜர் என்ன விஷயம் என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவள் என் மனைவியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆமா சார், ஆறு மணி வரைக்கும் இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவரிடம் ஆங்கிலத்தில் விளக்கினாள். ஊருக்குப் புதியவர் ஆனாலும் இந்த விஷயத்தில் மோதக் கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கை கூப்பினார். இரண்டு தட்டு வாழைக்காய் பஜ்ஜியும் காபியும் கொண்டுவரச் சொன்னார். எங்களை விடாமல் பார்த்துக்கொள்ளும்படி அந்தப் பெண்ணுக்குக் கண்ஜாடை காட்டிவிட்டு வேறு மேஜைக்குப் போனார்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஜ்ஜி தின்றேன். என் மனைவி மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்ட அந்தப் பெண் காலியாக இருந்த நாற்காலி ஒன்றை இழுத்து அவள் முன்னால் போட்டாள்.

"காலத் தூக்கி வெச்சுக்கோங்க மேடம். இன்னா வேல பாக்கறீங்க?"

மனப்பாடத் தமிழ் போய், சைதாப்பேட்டை வந்துவிட்டது.

"டீச்சர்மா. நின்னு நின்னே இப்படி ஆயிடுச்சு."

"எங்கம்மாக்கும் இதே கதைதான் மேடம். இங்கதான், துணிக்கடைல, பொடவ செக்ஷன்ல கீறாங்க. ராத்திரி வூட்டுக்கு வந்தா சுடுதண்ணில கால வெச்சுக்கினு அப்டியே தூங்கிப்புடுவாங்க. எப்ப மேடம் ரிட்டையர்மென்ட்டு?"

"அதுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. இந்த ஏப்ரலோட நிறுத்திடலாம்னு இருந்தேன்" என்றாள் என் மனைவி. சாதாரணமாகத்தான் சொன்னாள். பஜ்ஜியில் எண்ணெய் அதிகம் என்று சொல்கிற மாதிரி.

இருந்தேன். என் கையில் இருந்த பஜ்ஜி அப்படியே நின்றது. திறந்த காசோலைப் புத்தகம் என் முன்னால் கிடந்தது. அந்தக் கணக்கில் இருந்த பணம் எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்லிவிடுவாள், எப்போதும் அவள்தானே விட்டுக்கொடுப்பாள் என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் நான் முடிவு கட்டியிருந்தேன். அவள் காலைப் பார்த்தேன். குதிகால் வெடித்து, ஓரத்தில் சிவந்து வீங்கியிருந்தது. தினமும் வீட்டில் முக்காலி மேல் இருக்கும் கால்தான். நாற்காலி எடுத்துப் போட ஒரு வெளிப் பெண் வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து என் மனைவி முகம் கழுவப் போனாள். நான் அந்தப் பெண்ணிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"ஏம்மா, நானும் விலை பேசற தொழில்ல இருந்தவன்தான். இவ்வளவு குறைச்சா உங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?"

அவள் மேனேஜர் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அந்த மொத விலைய எழுதறதே அடிக்கறதுக்குத்தான் சார். அந்த விலைக்கு வாங்கினவங்க ஒருத்தரையும் நான் பாத்ததில்ல."

"அப்ப குக்கரு, தங்கக் காசு எல்லாம்?"

"கூப்பன் அடிக்கணும், போன் பண்ற பசங்களுக்குச் சம்பளம் குடுக்கணும், இந்த ஹாலு, காபி, பஜ்ஜி. இத்தினி பேரு வந்து துன்னுட்டுப் போறாங்கல்ல, கையெழுத்துப் போடற நாலு பேரு தலைலதான் மொத்தமும் வுழும். உங்களுக்குக் குடுக்கப் போற குக்கரு போன வாரம் கையெழுத்துப் போட்டவரு வாங்கிக் குடுத்தது சார். அவருக்கு அது தெரியாது."

"சரி, ஏன் ஜோடியா வரச் சொல்றீங்க?"

"தனியா வந்தா வூட்ல கேட்டுச் சொல்றேன்னு எந்திரிச்சிடுவாங்க. ஜோடியா குந்திக்கினு அத எப்டி சொல்றது?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அப்ப இன்னிக்கு மட்டும்ங்கறது?"

அவள் சிரித்துவிட்டாள். "வூட்டுக்குப் போய் யோசன பண்ணிட்டு இந்த விலைக்குத் திரும்பி வந்தவங்க யாருமே இல்ல சார். நான் சேந்து ஒன்றர வருசம் ஆவுது, ஒருத்தர் வரல. அத்தொட்டுதான் இன்னிக்கு மட்டும். நாளைக்கும் இதே ஹாலு, இதே விலைதான். வர்ற வேற ஆளுங்களுக்கு அதுவும் இன்னிக்கு மட்டுந்தான்."

"குறைச்சுக் குறைச்சுக் கொடுத்தா கம்பெனிக்கு என்ன மிஞ்சும்?"

"பராமரிப்புப் பணம் கீதே சார். மொத வருசம் ஃப்ரீன்னாங்கல்ல? அப்புறம் இருபத்தி நாலு வருசம் கட்டணும். போனாலும் கட்டணும், போவலன்னாலும் கட்டணும். அது வருசா வருசம் ஏறிக்கினே போவும். அதுல ஒத்த ரூபா கொறைக்க மாட்டாங்க. நமக்கு வேணாம்னு வேற யாருக்காச்சும் விக்கலாம்னு பாத்தா, பழசு வாங்க ஆள் கெடைக்காது. புதுசே தங்கக் காசோட கெடைக்கும்போது பழச எவன் சார் வாங்குவான்?" கொஞ்சம் நிறுத்தி, நியாயத்துக்குக் கட்டுப்பட்டவள் போலச் சேர்த்துக்கொண்டாள். "வருசம் தவறாம டூர் போறவங்களுக்கு இது நல்லதுதான் சார். நான் பொய் சொல்லல. நீங்க போவீங்களா?"

நாங்கள் முப்பது வருஷத்தில் ஊரை விட்டு வெளியே போனது கல்யாணங்களுக்கும் சாவுகளுக்கும்தான். கிண்டியில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் ஒரு விஷயம் சொல்லிக்கொடுப்பேன். நீ கேட்பதற்கு முன்னாலேயே ஒருவன் விலையைக் குறைத்தால், ஒன்று அதை முதலிலேயே ஏற்றி வைத்திருக்கிறான், இல்லையென்றால் அவன் சரக்கு நகரவில்லை. இரண்டில் எது என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடு என்பேன். எத்தனையோ தரம் சொன்ன அந்தப் பேச்சு, தாளில் கோடு விழுந்த நிமிஷத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் ஜெயித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அவர்கள் எனக்கு ஜெயிக்கிற சந்தோஷத்தைத்தான் விற்றிருக்கிறார்கள்.

"இதெல்லாம் எங்கிட்ட ஏம்மா சொல்ற? உன் வேலைக்கு ஆகாதே" என்றேன்.

"நீங்க கேட்டீங்க, சொன்னேன்" என்றாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு திரும்பி வரும் என் மனைவியைப் பார்த்தாள். அவள் ஒரு காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி நடந்து வந்தாள். "மேடம் இன்னும் நாலு வருசம் நிக்கட்டும்னு வுட எனக்கு மனசு வரல சார்."

ஆறு மணிக்கு மேனேஜர் பேனாவோடு வந்தார். தங்கக் காசை ஒரு கிராமாக்கிவிட்டதாகச் சொன்னார். என் வாழ்நாளில் நான் ஒரு தள்ளுபடியை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வர்றோம்" என்றேன். இந்த விலை நாளைக்கு இருக்காது என்றார். பரவாயில்லை என்றேன். அவர் சிரிப்பு ஒரு வினாடியில் காணாமல் போயிற்று. எங்களை விட்டுவிட்டு அடுத்த மேஜைக்கு நடந்தார். நானும் காசோலைப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு, எதுவும் கேட்காமல் வாசலுக்கு வந்துவிட்டேன்.

படியில் இறங்கும்போது பின்னாலிருந்து ஓடி வந்தாள் அந்தப் பெண். கையில் குக்கர் பெட்டி. "இத வுட்டுட்டுப் போறீங்களே சார்! மூணு மணி நேரம் குந்திக்கினு இருந்தீங்கல்ல, இது உங்க கூலி." பெட்டியை என் மனைவியிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தாள். "கனமா கீது, நீங்க தூக்குங்க" என்றாள். ஆட்டோவில் வீடு வரும் வரை அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, சமையலறையில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் பழைய தாளைக் கிழிக்கப் போனேன். மளிகைக் கடைக்காரர் வருஷா வருஷம் இலவசமாகத் தருவது. இலவசம் என்பதால் நான்தான் கேட்டு வாங்குவேன், தேதியைத் தவிர வேறெதையும் படிக்க மாட்டேன். அன்று என்னவோ கண் கீழே போயிற்று. சனிக்கிழமை. ராகு காலம் காலை ஒன்பது முதல் பத்தரை.

மறுபடி படித்தேன். அடுத்த தாளைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை முதல் ஆறு. திங்கட்கிழமைக்கு வேறு நேரம். செவ்வாய்க்கு வேறு. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நேரமாம். ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கல்யாணத்தன்று நான் மைக்கில் அறிவித்த ஒரே ஒரு ராகு காலம்.

கிழித்த தாளோடு திரும்பினேன். என் மனைவி அந்தப் புதுக் குக்கரில் பருப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ராகு காலம் காலையிலயே முடிஞ்சு போச்சு."

"அப்படியா?" என்றாள், திரும்பாமல்.

"அந்தப் பொண்ணுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"தெரியாம என்ன? நான் சொன்னதும் என் மூஞ்சியப் பார்த்தாளே. ரெண்டு செகண்டுதான். கெட்டிக்காரப் பொண்ணு."

"வேண்டாம்னு நேராவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நாலு பேர் முன்னால நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

எனக்குப் பதில் தெரியும். அவளுக்கும் தெரியும். அடுத்த நிமிஷமே கையெழுத்துப் போட்டிருப்பேன். மணி அடித்துக் கை தட்டியிருப்பார்கள். அவள் இன்னும் நாலு வருஷம் நின்றிருப்பாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல்.

"உங்களுக்குத் தெரிஞ்ச ராகு காலம் அது ஒண்ணுதானே. அதச் சொன்னேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, கிண்டல்தான் இருந்தது. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அன்று அங்கே நின்றபடியே அவளிடம் நன்றி சொன்னேன். பருப்புக் குக்கர் சத்தத்தில் கேட்டதா தெரியவில்லை. கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அன்று காபி இரண்டாவது தடவை கேட்காமலே வந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணைப் பார்க்க ஓட்டலுக்குப் போனேன். ஹாலில் ஏதோ காதுகுத்து விருந்து நடந்துகொண்டிருந்தது. அந்தக் கம்பெனி வேறு இடத்துக்குப் போய்விட்டதாம், எங்கே என்று தெரியாது என்றார்கள். கோட்டில் பெயர் எழுதிய பட்டை இருந்தது. கோடு விழுந்த மூன்று விலைகளையும் ஒரு எண் பிசகாமல் நினைவு வைத்திருக்கும் எனக்கு அந்தப் பெயர் நினைவில் இல்லை. அப்புறம் துணிக்கடைகளுக்குப் போகும்போதெல்லாம் புடவைப் பிரிவில் நிற்கும் வயதான பெண்களின் முகத்தில் அவள் ஜாடை தெரிகிறதா என்று பார்ப்பேன். இன்னும் தெரியவில்லை. உங்க மகள் நல்லா இருக்கணும் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்.

ஏப்ரலில் கடிதத்துக்குத் தேதி போட்டாள். கடைசி நாளன்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்த அட்டைகளும் ஒரு ரோஜாச் செடியுமாக வந்தாள். முக்காலியை நான் எடுத்துப் போட்டேன். அதற்கு இப்போது தினமும் என்னிடம்தான் பொறுப்பு.

"எங்கயாவது போலாமா? நீ சொல்லு, எங்கன்னு" என்று கேட்டேன். முப்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று பழகாததால் கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன்.

அவள் யோசித்தாள். "பாலவாக்கம் பீச்சுக்குப் போலாம். கூட்டம் இருக்காது. உட்காரணும் எனக்கு, அவ்வளவுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனோம். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. படகு நிழலில் ஒரு பழைய போர்வையை விரித்தோம். அவள் காலை நீட்டிக் குதிகால்களை மணலுக்குள் புதைத்துக்கொண்டாள். அலைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். சும்மா இருக்க எனக்கு வராது. பஸ்ஸில் கூட்டம் ஏறுவதற்கு முன்னால் கிளம்பிவிடலாம் என்று ஐந்தரைக்கெல்லாம் எழுந்து வேட்டியைத் தட்டினேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "உட்காருங்க. ஆறு மணி வரைக்கும் ராகு காலம்."

காலையில் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இன்றைக்கு அவள் சொல்வது நிஜம். உட்கார்ந்தேன்.